வெள்ளிக்கிழமை ஊக்கு

எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலாவது இணையம் நின்றுபோனால் முதலில் தேடுவது ஊக்கைத்தான். கடைக்காரர் ரவுட்டர் என்று சொல்லி விற்பார். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் அது என்றைக்கும் மோடம், இல்லையென்றால் வெறும் பொட்டி. அதன் பின்புறம் கடுகளவு ஓட்டை ஒன்று இருக்கும். ஊக்கின் முனையை அதற்குள் விட்டுக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரியும். நாம் செய்துவைத்த மாற்றங்கள் அழிந்து, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குத் திரும்பிவிடும். ரீசெட் என்று இதற்குப் பெயர். எங்கள் மக்கள் "ஊக்குக் குத்துறது" என்பார்கள். இந்தப் பழக்கத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர்கள் வேறு யாருமல்ல, நான் வேலை பார்த்த தொலைபேசி அலுவலகத்து ஆட்களேதான். ஒவ்வொரு புகாருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட யாருக்கு உடம்பு வணங்கும்? தொலைபேசியிலேயே "ஒரு ஊக்க எடுத்துக் குத்துங்க, சரியாப்போயிரும்" என்று சொல்லிவிடுவார்கள். முக்கால்வாசி நேரம் சரியாகவும் போய்விடும்.

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள். இப்போது வரும் பெட்டிகளில் பல, தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றனவாம். "அப்பறம் எதுக்கு மேடம் நீங்கெல்லாம் லேப்டாப்பத் தூக்கீட்டு ஊரூராப் போனீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஏதோ நாங்கள் சுற்றுலா போனது போல. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த பிள்ளைகளிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது, காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சேலத்தில், தொலைபேசி ஆபரேட்டராக. பிறகு விசாரணைப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஆளின் பெயரையோ கடையின் பெயரையோ சொன்னால் எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. எல்லாம் தானியங்கியான பிறகு எங்களில் பலர் மேசை வேலைக்குப் போனார்கள். ஃபைலைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும். பிராட்பேண்ட் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். பயிற்சி வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாடம் நடத்தியவர் வேகமாகப் பேசினார், மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. வேலையை நான் கற்றது கதிர்வேல் சாரிடம்.

கதிர்வேல் சார் எங்கள் பகுதியின் அதிகாரி. சொந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். வாடிக்கையாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா நிற்பது போலவே நிற்பார். பெட்டியைப் பார்ப்பார், எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்ப்பார், வயர் போகும் வழியைக் கண்ணாலேயே தடவிக்கொண்டு போவார். நான் அவசரப்பட்டுக் கையை நீட்டினால், "கை, கை" என்பார். "தொட்டுட்டீங்கன்னா அப்புறம் அது நீங்க பண்ண ரிப்பேர். அதுக்கு முன்னாடி என்னாச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்." குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மட்டும் என்னையும் "சார்" என்று கூப்பிடுவார். "என்ன சார், ரீசெட் பண்ணிட்டீங்களா?" என்றால் அன்றைக்கு அவர் கொதித்துப்போயிருக்கிறார் என்று அர்த்தம்.

ஊக்கு என்றாலே அவருக்கு ஆகாது. ஊக்குக் குத்தினால் கோளாறு போய்விடும், கோளாறு வந்த தடமும் கூடவே அழிந்துவிடும் என்பார். அவர் சொன்னதன் அருமை மல்லசமுத்திரத்து வீட்டில்தான் எனக்குப் புரிந்தது. அதற்குமுன் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெட்டிக்குள் அதை இயக்குகிற மென்பொருள் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஃபர்ம்வேர். மனிதர்கள் எழுதுவதுதானே, அதிலும் ஓட்டைகள் இருக்கும். அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் கொடுத்த ஒரு மாடலில் இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பழுது பார்க்க வசதியாக, வெளியிலிருந்து உள்ளே நுழையும் வழி ஒன்றைத் திறந்தே வைத்திருந்தார்கள். எல்லாப் பெட்டிக்கும் நிர்வாகப் பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. போதாததற்கு, அந்தக் கடவுச்சொல்கூட இல்லாமல் உள்ளே கட்டளை அனுப்ப ஃபர்ம்வேரிலேயே ஒரு சந்து இருந்தது. இணையத்தில் இப்படித் திறந்து கிடக்கும் வழிகளை ஓயாமல் தேடிக்கொண்டு நிரல்கள் திரிகின்றன. மல்லசமுத்திரம் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. திறந்திருந்தால் நுழையும்.

நுழைந்து என்ன செய்யும்? நான் விசாரணைப் பிரிவில் செய்த வேலையை இணையத்தில் செய்வதற்கு டிஎன்எஸ் என்று ஒரு சர்வர் இருக்கிறது. நாம் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் முகவரியைச் சொல்லும். எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று நம் பெட்டியில் குறித்திருக்கும். நுழைந்த திருடன் அந்த இடத்தில் தன் ஆளுடைய முகவரியை எழுதிவிட்டுப் போவான். ஆஸ்பத்திரி எண்ணைக் கேட்டவருக்கு நான் சாராயக்கடை எண்ணைக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். பூட்டுக்குறி உள்ள வங்கித் தளம் போன்றவை பெரும்பாலும் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பூட்டில்லாத பழைய தளங்கள் சூதாட்டத்துக்கும் ஆபாசப் படத்துக்கும் திருப்பிவிடப்படும். போனில் ஒரு குற்றமும் இருக்காது. அதே போனை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக இருக்கும்.

கீர்த்தனா என்ற பெண்ணின் அழைப்பு வந்தது ஒரு மத்தியானம். மல்லசமுத்திரத்துப் பெண், சேலத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவள், தோழியின் போனிலிருந்து பேசினாள்.

"மேடம், தப்பு எங்க ஊட்டு மோடத்துலதான்னு எங்கப்பாகிட்டச் சொல்ல முடியுங்களா?"

"மோடத்துல என்ன தப்பும்மா?"

"அது தெரியலீங்க. என்ற மேல தப்பில்லீங்க. அது மட்டுந்தான் தெரியும்."

எத்தனையோ வருடம் புகார் கேட்ட காது இது. இப்படி ஒரு புகாரைக் கேட்டதில்லை. மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் அவள் போனில் திடீர் திடீரென்று அசிங்கமான படங்கள் வருகின்றன. ஒருநாள் அப்பா பக்கத்தில் நின்றபோதே வந்துவிட்டது. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இந்தப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள். ஒரு பெட்டிக்காக ஒரு பெண்ணின் படிப்பு போவதா?

கதிர்வேல் சாரிடம் சொன்னேன். மறுநாளே இருவரும் கிளம்பினோம். அது வாரத்தின் நடுவில் ஒரு நாள், கீர்த்தனா விடுதியில் இருந்தாள்.

அவளுடைய அப்பா பொன்னுசாமி பல வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போய்ப் போர் போட்டவர். இப்போது மரவள்ளித் தோட்டம் பார்க்கிறார். உரக்கப் பேசும் மனிதர். ரிக் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை அது. எங்களை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"இந்தப் பொட்டியில டிவி நல்லாத்தானுங்க ஓடுது. நான் பட்டன் போன் வெச்சிருக்கறன், எனக்கு ஒண்ணும் வாரதில்ல. அந்தப் புள்ள வந்தாத்தான் வருது. அப்ப யாரு மேலங்க தப்பு?"

"மோடத்த ஒருதடவ பாத்துர்றோமுங்க" என்றேன்.

"பாருங்க. ஆனா ஒண்ணுங்க. பரீட்ச முடிஞ்சா அது ஊட்டோட இருக்கட்டும். மச்சாங்கிட்டயுஞ் சொல்லீட்டன், புள்ள கெட்ட படம் பாக்குது, கலியாணத்துக்கு வெரசா ஒரு எடம் பாருங்கன்னு."

உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த அவருடைய மனைவி டம்ளரை வைத்துவிட்டுச் சட்டென்று திரும்பிப் போய்விட்டார். தன் அண்ணனிடமே தன் மகளைப் பற்றி இப்படிச் சொன்னால் எந்தத் தாய்தான் நிற்பாள்.

கதிர்வேல் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். சந்தனமும் குங்குமமுமாக அதற்குப் பொட்டு வைத்திருந்தார்கள். மாடல் எண் எழுதிய சீட்டின்மேல் பாதி சந்தனம். கைக்குட்டையால் அதைத் துடைத்துப் படித்தார். பிறகு லேப்டாப்பை இணைத்துப் பெட்டியின் அமைப்புக்குள் போனோம். டிஎன்எஸ் இருக்கும் இடத்தில் எங்களுடையது இல்லை, எந்த நாட்டுக்காரனுடையதோ இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண் சொன்னது உண்மை.

பொன்னுசாமியிடம் திரையைக் காட்டி விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "இதயும் அதுதானுங்க மாத்தியிருக்கும். கம்ப்யூட்டர்தானே படிக்குது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கதிர்வேல் சார் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டார்.

டிஎன்எஸ்ஸைச் சரிசெய்தோம். நிர்வாகக் கடவுச்சொல்லை நீளமான வேறொன்றாக மாற்றினோம். வெளியிலிருந்து நுழையும் வழியை மூடினோம். புதிய ஃபர்ம்வேர் அப்போது கையில் இல்லை. அதே மாடலில் இரண்டு வகை உண்டு, சீட்டில் ஒரே ஒரு எழுத்துத்தான் மாறும். ஒன்றினுடையதை இன்னொன்றில் ஏற்றினால் பெட்டி செத்துவிடும். சரியானதை அலுவலகத்திலிருந்து எடுத்து வந்து பிறகு ஏற்றலாம் என்றார் சார். "இனி வராதுங்க, பாப்பா வந்தா நீங்களே பாருங்க" என்று நான் பொன்னுசாமியிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பொன்னுசாமியிடமிருந்து அழைப்பு. இந்த முறை அவர் குரல் தணிந்திருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்கம்மா, நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்க. நேத்துச் சாயந்தரம் புள்ள வந்துச்சு. இன்னிக்கி நானே போன எடுத்துக் குடுத்து, எம்முன்னாடி காலேஜ் ரிசல்ட்டப் பாருன்னு சொன்னனுங்க. தொட்ட ஒடனே அதே கருமம். இனி என்னங்க சொல்றீங்க?"

நாங்கள் சரிசெய்து கொடுத்ததே அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பின்னால் அவள் குரல் கேட்டது, "நான் ஒண்ணுமே பண்ணலப்பா." கதிர்வேல் சாரிடம் சொன்னதும், "நாளைக்கே போவோம். புதுசையும் எடுத்துக்கிறேன். யாரையும் எதையும் தொட வேணாம்னு சொல்லுங்க" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கேட்கவில்லை, அவரே வந்தார்.

கீர்த்தனா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. பொன்னுசாமி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நான் லேப்டாப்பை இணைத்து, நாங்கள் போட்ட நீளமான கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஏற்கவில்லை. மறுபடி கொடுத்தேன். ஏற்கவில்லை. கதிர்வேல் சார் குனிந்து, "பழசைப் போடுங்க" என்றார். 'அட்மின்', 'அட்மின்' என்று கொடுத்ததும் கதவு திறந்துகொண்டது. டிஎன்எஸ் மறுபடி அந்நியனுடையது. நாங்கள் மூடிய வழி திறந்து கிடந்தது.

"யாரோ ரீசெட் பண்ணியிருக்காங்க" என்றார் சார்.

"பாத்தீங்களா!" என்று பொன்னுசாமி எழுந்துவிட்டார். "நீங்க பூட்டீட்டுப் போனதத் தொறக்கறதுக்கு இந்த ஊட்டுல அது தெரிஞ்சவிய வேற யாருங்க?"

கீர்த்தனாவின் முகம் செத்துவிட்டது. நான் அவளைப் பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சார் கைக்குட்டையால் துடைத்த அதே சீட்டின்மேல் புதிதாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

பெட்டி கடைசியாக எப்போது விழித்தெழுந்தது என்று அதன் உள்பக்கத்திலேயே காட்டும். எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை. இன்வெர்ட்டர் இருக்கிற வீடு, மின்வெட்டில் பெட்டி அணைந்திருக்க வழியில்லை.

"வெள்ளிக்கெழம காலையில பாப்பா எங்கிருந்துச்சுங்க?" என்றேன்.

"காலேஜ்லதான் மேடம். சாயந்தரந்தான் பஸ் ஏறுனேன்" என்றாள் கீர்த்தனா.

"அப்ப வெள்ளிக்கெழம காலையில இந்தப் பொட்டு வெச்சது யாருங்க?"

"நாந்தானுங்க" என்றார் பொன்னுசாமி, இதில் என்ன கேள்வி என்பது போல. "ரிக் வண்டிய வெள்ளிக்கெழமன்னாக் கழுவிப் பொட்டு வெச்சுக் கிரீஸ் அடிக்காம எடுத்ததில்லீங்க. அதே பழக்கம். மோட்டாரு, டிராக்டரு, இந்தப் பொட்டி எல்லாத்துக்கும் வெப்பனுங்க."

"பொட்டு மட்டுந்தானுங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. அந்த வீட்டில் அவர் வாயைத் திறந்து நான் கேட்டது அப்போதுதான்.

"ஊக்குங் குத்துவாருங்க. என்ற தாலிக்கொடில கெடக்கறதத்தான் வாங்கிக் குத்துவாரு. டிவி பாதியில நின்னு சுத்தாம இருக்கோணுமுன்னு."

"அது சர்வீஸுங்க" என்றார் பொன்னுசாமி. "உங்க ஆபீஸ்லதானுங்க குத்தச் சொன்னாங்க. கோளாறு வந்து குத்தறதுக்கு வாரா வாரம் குத்தீட்டா வராதல்லங்க?"

கதிர்வேல் சார் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் இவர் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் தள்ளுகிறார். கதவு திறந்துகொள்கிறது. சாயந்தரத்துக்குள் எவனோ நுழைந்துவிடுகிறான். அந்த நேரத்துக்குத்தான் மகள் பேருந்தைவிட்டு இறங்கி வீட்டுக்கு வருகிறாள். வாரம் முழுக்க அந்தப் பெட்டியில் பூட்டில்லாத தளம் எதையும் பார்க்க வேறு ஆளில்லை.

கதிர்வேல் சார் இதை அவருக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். பொன்னுசாமி நம்பியும் நம்பாமலும் நின்றார். "சொன்னா போதாது, செஞ்சு காட்டுவோம்" என்று சார் வேலையைத் தொடங்கினார். சீட்டைத் துடைத்து அந்த ஒற்றை எழுத்தை என்னையும் படிக்கச் சொன்னார். தான் கொண்டுவந்த ஃபர்ம்வேரின் பெயரோடு ஒப்பிட்டார். மும்முனை மின்சாரம் மாறி ஒரு நொடி கரண்ட் போய்வருகிற நேரமா என்று கேட்டார், இன்வெர்ட்டரில் சார்ஜ் பார்த்தார். வைஃபையில் ஃபர்ம்வேர் ஏற்றுவது அவருக்குப் பிடிக்காது, வயரைத்தான் சொருகுவார். ஏற்றத் தொடங்கியதும் லேப்டாப்பிலிருந்துகூடக் கையை எடுத்துவிட்டார். பாதியில் நின்றால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். விளக்குகள் அணைந்தன. மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தன.

"இப்ப ஊக்கு குடுங்கம்மா" என்றார் சார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அந்த அம்மா கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றித் தந்தார். சார் அதைப் பொன்னுசாமியிடம் நீட்டினார். "வெள்ளிக்கிழமை குத்துற மாதிரியே குத்துங்க."

அவர் குத்தினார். பெட்டி அணைந்து எழுந்ததும் நான் உள்ளே போய்ப் பார்த்தேன். வெளிவழி மூடியே இருந்தது. புதிய ஃபர்ம்வேரில் அதன் பிறந்த நிலையே மூடிய நிலைதான், கட்டளை நுழையும் சந்துவழியையும் அடைத்துவிட்டார்கள். முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிக் கேட்டது, மாற்றினேன். பொன்னுசாமி தானே போய்ப் பீரோவைத் திறந்து போனைக் கொண்டுவந்தார். கீர்த்தனா வாங்கவில்லை. நான் வாங்கி அவள் சொன்ன கல்லூரித் தளத்தைத் திறந்தேன். அவளுடைய மதிப்பெண்கள் வந்தன. மறுபடி மறுபடி திறந்தேன், மதிப்பெண்கள்தான் வந்தன.

இன்றைக்கும் என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டியை வாங்கி மாட்டிய அன்றே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து நுழையும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். ஃபர்ம்வேர் புதிதாக வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், தயாரித்தவன் கைவிட்ட மாடல் என்றால் பெட்டியையே மாற்றிவிடுங்கள். ஊக்குக் குத்தினால் இவ்வளவையும் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏன் ஊர் ஊராகப் போனோம் என்று கேட்ட பெண்ணுக்கும் இதுவே பதில். அந்த வீட்டின் பொட்டும் ஊக்கும் அலுவலகத்துத் திரையில் தெரியாது.

அன்றைக்கு அந்த மதிப்பெண்களைப் பார்த்ததும் பொன்னுசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாந்தான் தொறந்து உட்டுருக்கறனுங்களா?"

அவர் எழுந்து மகளின் முன்னால் போய் நின்றார். "சாமி, அப்பனுக்குத் தெரியாமப் போச்சு சாமி" என்றார். என்னிடமிருந்து போனை வாங்கி மறுபடி நீட்டினார்.

கீர்த்தனா கையைக் கட்டிக்கொண்டே நின்றாள். அழவில்லை.

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம்ப்பா. எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. மாமாகிட்டச் சொல்லுங்க."

பொன்னுசாமி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னுசாமி மகளின் போனை மேசைமேல் வைத்துவிட்டு, தன் பட்டன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது வாசலில்தான். எதிரே கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்த ரிக் குரலிலேயே பேசினார்.

"மச்சான், என்ற புள்ள மேல நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க. தப்புப் பூரா என்றதுங்க. எடமும் பாக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அது படிக்கட்டும்."

அவர் உள்ளே திரும்பி வரும்வரை கீர்த்தனா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வந்ததும் கையை நீட்டினாள்.

"இப்பக் குடுங்கப்பா, என்ற போன."